சங்கு ஓய்ந்த பிறகு

சியோல் நகரத்தில் 1982 ஜனவரி வரை ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு முன்னால் தெருவில் அகப்பட்டவர்களுக்குக் காவல் நிலையத்தில்தான் பொழுது விடியும். 1945-இல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் கொண்டுவந்த ஊரடங்கு அது. கொரியப் போர் வந்தது, போனது. ஊரடங்கு மட்டும் போகவில்லை. அடுத்தடுத்து வந்த ஆட்சிகளுக்கு அது வசதியாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவும் ஆண்டின் கடைசி இரவும்தான் விதிவிலக்கு. 1988 ஒலிம்பிக் போட்டி சியோலுக்குத்தான் என்று 1981-இல் முடிவானது. சில மாதங்களில், 1982 ஜனவரி 5-ஆம் தேதி, நாட்டின் பெரும்பகுதியில் ஊரடங்கை நீக்கினார்கள். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊருக்கு நள்ளிரவு திரும்பக் கிடைத்தது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பயிற்சிக்கு அங்கே போகும்போது, "ராத்திரியில் எங்கே போகலாம்?" என்று கேட்பதுண்டு. ஹோங்தேயின் நடனக் கூடங்களும் கங்னமின் விளக்கு வெள்ளமும் தேடாமலே கண்ணில் படும். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் அனுப்புகிற இடங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசே வேண்டாம், கால் வலுவாக இருந்தால் போதும். அந்த நகரத்தின் நல்ல இரவு முழுக்கப் பொது இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சாயங்காலம் சாங்க்யோங்குங் அரண்மனையில் தொடங்குங்கள். நுழைவுச் சீட்டு ஆயிரம் வொன். திங்கட்கிழமை தவிர மற்ற நாள்களில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். 1909-இல் ஜப்பானியர்கள் இதற்குள் மிருகக்காட்சிசாலையை வைத்து, பின்னால் செர்ரி மரங்களை நட்டு, ராத்திரியில் பூப் பார்க்கக் கூட்டம் கூட்டினார்கள். ஓர் அரச குலத்தின் வீட்டைப் பொழுதுபோக்குப் பூங்காவாக்கிய அவமானத்தைத் துடைக்க 1980-கள் வரை ஆனது. மிருகங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டு, அரண்மனையைப் பழையபடி எடுத்துக் கட்டினார்கள். அந்தக் காலத்து வெள்ளைக் கண்ணாடிச் செடிவீடு ஒன்று மட்டும் குளத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. இருட்டிய பிறகு உள்ளே விளக்கேற்றினால் அழகாகத்தான் இருக்கிறது. வரலாறு தெரிந்து பார்க்கும்போது அந்த அழகு கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது.

அங்கிருந்து ஹியேஹ்வா வழியாக நக்சான் குன்றில் ஏறினால் கோட்டைச் சுவர். 1396-இல் கட்டத் தொடங்கிய இந்த நகரச் சுவரின் மொத்த நீளம் 18.6 கிலோமீட்டர். நக்சான் பகுதி அதில் ஏறுவதற்கு எளிதான ஒன்று. சுவரின் அடியில் மஞ்சள் விளக்கு வைத்திருப்பதால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். கீழ் வரிசையில் சீராக வெட்டாத சின்னக் கற்கள் இருந்தால் அது ஜோசோன் வம்சத்தின் முதல் அரசர் தேஜோ காலத்து வேலை. ஓரங்கள் உருண்ட கற்கள் 1422-இல் சேஜோங் அரசர் புதுப்பித்தது. அளவெடுத்துச் சதுரமாக வெட்டிய பெரிய கற்கள் 1704-க்குப் பிறகு சுக்ஜோங் காலத்தில் வைத்தது. முந்நூறு ஆண்டுக் கொத்தனார் வேலையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். காதலர்கள், நாயோடு உலாவும் வயதானவர்கள், காமிராவைத் தாங்கியில் நிறுத்திக் காத்திருக்கும் மாணவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். கீழே நகரம் முழுக்க விளக்காகக் கிடக்கும்.

சுவர் சரிந்து கிழக்கு வாசலான தொங்தேமுன்னுக்கு இறங்கும் இடத்தில் கொஞ்சம் நின்று கற்களை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் சீன எழுத்துகள் செதுக்கியிருக்கும். இந்தப் பகுதியை எந்த ஊர்க்காரர்கள் கட்டினார்கள், மேற்பார்த்த அதிகாரி யார், கல்தச்சர் யார் என்ற விவரங்கள் அவை. சுவர் இடிந்தால் கட்டியவர்களே வந்து சரிசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பொறுப்பைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் என் மனத்தில் ஆழப் பதிந்தது இதுதான். எந்தக் கோபுரமும் எனக்கு இந்த அளவு பெரிதாகத் தெரியவில்லை.

பசிக்கும் நேரத்துக்கு குவாங்ஜாங் சந்தைக்குப் போய்விடலாம். 1905-இல் தொடங்கிய சந்தை. பகலில் பட்டும் போர்வையும் விற்கும் இடம்; மாலையானால் நடுப்பாதை முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். இங்கே பெயர் பெற்றது பின்தேத்தொக். ஊறவைத்த பாசிப்பருப்பைக் கடையின் முன்னாலேயே மோட்டார் வைத்த கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். மாவு வழிந்து வாளியில் இறங்குகிறது. அதில் முளைகட்டிய பயறும் கிம்ச்சியும் கலந்து, எண்ணெய் தளும்பும் அகலக் கல்லில் ஊற்றுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாகச் சிவந்து, நடுவில் மெத்தென்று இருக்கும் அந்தப் பண்டத்தைப் பிட்டு வாயில் போட்டால் நம் வீட்டுப் பருப்படை ஞாபகம் வராமல் போகாது. கூடவே வெங்காயம் மிதக்கும் சோயாச் சாறும், விரும்புகிறவர்களுக்குக் கிண்ணத்தில் மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளும் வரும். குளிர்காலத்தில் உட்காரும் பலகைக்கு அடியில் சூடேற்றி வைத்திருப்பார்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவில் பன்றி இறைச்சி கலக்கும் கடைகள் உண்டு. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன்சாறோ இறால் ஊறலோ இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், விலையையும் கேட்டுவிட்டே உட்காருங்கள். கொரிய நண்பர்களோடு போனால் உங்கள் கிண்ணத்தில் நீங்களே ஊற்றிக்கொள்ளக் கூடாது, அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு குடிப்பது மரியாதை. குடிக்காதவர் கையைக் குவித்துக் கிண்ணத்தை மூடினால் இப்போதெல்லாம் யாரும் வற்புறுத்துவதில்லை. சாப்பாடு முடிந்ததும் பாட்டு அறைக்கு இழுப்பார்கள். கட்டாயம் போங்கள். நாள் முழுக்க வாய் திறக்காத மேலாளர் அங்கே உருகி உருகிப் பாடுவதைக் கேட்டால், அந்த மக்கள் பகலில் எவ்வளவு அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று புரியும்.

சந்தையின் தெற்கு ஓரத்தில் படியிறங்கினால் சொங்கேச்சோன் ஓடை. இதன் மேல் கான்கிரீட் போட்டு மூடி, அதற்கும் மேலே ஒரு மேம்பாலச் சாலையை நிறுத்தியிருந்தார்கள். 2003-இல் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபர் 1-ஆம் தேதி ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து குழாய் வழியாக ஏற்றி விடுவது. ஆகவே இது உண்மையான ஆறே இல்லை என்று சூழலியலாளர்கள் சொல்கிறார்கள். அங்கே பிழைத்துக்கொண்டிருந்த நடைபாதை வியாபாரிகள் இடம்பெயர்ந்து பட்ட துன்பமும் உண்மை. இரண்டையும் மறுக்க முடியாது. ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு, கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, கால்சட்டையை மடித்துத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, வண்டிகளுக்கு விட்ட இடத்தை மனிதர்களுக்கு மீட்டுக் கொடுத்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேற்கே நடந்தால் குவாங்தோங் பாலம் வரும். 1410-இல் தேஜோங் அரசர் தன் சிற்றன்னையின் கல்லறைக் கற்களைப் பெயர்த்து வந்து இந்தப் பாலத்துக்குப் போட்டார். அரசுரிமைச் சண்டையில் மூண்ட பகை. பாலத்தின் அடியில் நுணுக்கமாகச் செதுக்கிய மேகங்களும் உருவங்களும் தெரியும். சில கற்கள் தலைகீழாக இருக்கும்.

பாலத்துக்கு அருகில்தான் பொசின்காக் மணிக்கூண்டு. ஜோசோன் அரசர்கள் காலத்தில் இரவு இந்த மணி 28 முறை ஒலித்தால் நகர வாசல்கள் மூடும். விடியுமுன் 33 முறை ஒலித்தால் திறக்கும். ஊரடங்கு அந்த நகரத்துக்குப் புதிதல்ல. ஆனால் பழைய ஊரடங்கில் ஒரு விசேஷம் இருந்தது. 1890-களில் அங்கே சுற்றிய ஆங்கிலப் பெண் பயணி இசபெல்லா பேர்ட் அதை எழுதியிருக்கிறார். மணி அடித்ததும் ஆண்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். பகல் முழுக்க உள்ளே இருந்த பெண்கள் அப்போதுதான் விளக்கோடு வெளியே வந்து தோழியர் வீடுகளுக்குப் போவார்களாம்.

இன்று நள்ளிரவு ஒரு மணிக்கு அதே தெருவில் இளம்பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். நம் பெண்பிள்ளைகள் அங்கே போய்வந்து முதலில் சொல்வது இதைத்தான். அதைக் கேட்டு மகிழும்போதே மற்றதையும் சொல்லிவிட வேண்டும். 2016 மே மாதம் கங்னம் ரயில் நிலையத்தின் பக்கத்தில், கழிப்பறையில் காத்திருந்த ஒருவன் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கொன்றான். நிலையத்தின் பத்தாம் எண் வாசல் முழுக்கப் பெண்கள் எழுதி ஒட்டிய காகிதச் சீட்டுகள் நிறைந்தன. 2022 அக்டோபர் 29 இரவு இதேவோன் பகுதியில் மூன்று மீட்டருக்குச் சற்றே அதிக அகலமுள்ள ஒரு சந்தில் நெரிசலில் சிக்கி 159 பேர் போனார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். மாலை ஆறரை மணியிலிருந்தே காவல்துறைக்கு அழைப்புகள் போயிருக்கின்றன. நெரிகிறது, ஆளை அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். பொறுப்பாளர் பெயரைக் கல்லில் வெட்டிய அதே நகரத்தில், யார் பொறுப்பு என்று கேட்டுப் பெற்றோர்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. தனி விசாரணைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2024 மே ஆனது. இதேவோனுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் அந்தச் சந்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அதே 2024-இன் டிசம்பர் 3-ஆம் தேதி இரவு பத்தரை மணி வாக்கில் அப்போதைய அதிபர் யூன் சொக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் மக்கள் யோயிதோவில் உள்ள நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள். ராணுவ வண்டிகளுக்குக் குறுக்கே நின்றார்கள். உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே போனார்கள். வந்து சேர்ந்த 190 பேரும் ஒரு மணி வாக்கில் ஒருமனதாக அதை ரத்து செய்ய வாக்களித்தார்கள். அடுத்த சில வாரங்கள், அவரைப் பதவி நீக்கக் கோரி, கடுங்குளிரில், இளம்பெண்கள் பாட்டுக் கச்சேரிகளில் பிடிக்கும் வண்ண விளக்குத் தடிகளை ஏந்தி இரவுதோறும் நின்றார்கள். வர முடியாதவர்கள் பக்கத்துக் கடைகளில் முன்பணம் கட்டி, கூட்டத்தில் நிற்பவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். சங்குக்குப் பயந்து ஓடி வளர்ந்த தலைமுறையும், அந்தச் சங்கையே கேட்டிராத தலைமுறையும் ஒன்றாக நின்றன.

இந்த இரவை நடத்திக் கொடுப்பவர்களையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நள்ளிரவு தாண்டி தொங்தேமுன் மொத்த விற்பனைக் கட்டடங்களுக்குப் போங்கள். ஜஹா ஹதித் வடிவமைத்த வெள்ளிக் கட்டடத்தை எல்லாரும் படம் எடுப்பார்கள். 45,133 அலுமினியத் தகடுகள் போர்த்தி 2014-இல் திறந்தது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால்தான் உயிர் இருக்கிறது. நாளைக்கு நாடு முழுவதும் கடைகளில் தொங்கப்போகும் சட்டைகள் பெரிய பெரிய மூட்டைகளாக நடைபாதையில் குவிந்து கிடக்கும். அவற்றைத் தோளில் ஏற்றி ஓட்டமாக ஓடுகிறவர்கள் நம்மைப் பார்க்கக்கூட நேரம் இல்லாதவர்கள். வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். குடித்தவர்களின் காரை அவர்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் விடும் வாடகை ஓட்டுநர்கள், தெருமுனைகளில் கைபேசியைப் பார்த்தபடி அடுத்த அழைப்புக்கு நிற்பார்கள். காரை விட்ட இடத்திலிருந்து அவர்கள் திரும்பி வர வேண்டுமே. சுரங்க ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் 2013-இல் மாநகராட்சி இரவுப் பேருந்துகளை விட்டது. நள்ளிரவில் பேசிய சுமார் 300 கோடி கைபேசி அழைப்புகளின் பதிவை வைத்து, மக்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கணக்கிட்டு வழித்தடம் போட்டார்கள். எண்ணுக்கு முன்னால் 'என்' எழுத்து இருக்கும். அதில் ஏறினால் நகரத்தின் உழைக்கும் முகம் முழுக்கத் தெரியும்.

வடகிழக்கே சங்க்யேவிலிருந்து கங்னம் போகும் 146-ஆம் எண் பேருந்தின் முதல் வண்டி அதிகாலை 4.05-க்குப் புறப்படும். அலுவலகம் திறக்குமுன் தரை துடைத்து முடிக்க வேண்டிய துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் வயதான பெண்கள், அந்த வண்டியை நிறைத்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் விட்டால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் கேட்டார்கள். 2023 ஜனவரியில் 8146 என்ற எண்ணில் 3.50-க்கு ஒரு வண்டியை விட்டார்கள். ராத்திரி முழுக்கச் சுற்றிவிட்டு விடியுமுன் அந்தத் தடத்தில் ஏற நேர்ந்தால், உட்காராதீர்கள். இருக்கையை அந்த அம்மாக்களுக்கு விடுங்கள்.