கோரைக் கிழங்கும் ஒரு கட்டியும்

ஒட்டுசுட்டானிலே, தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு அயலில், எமது உறவினரான ஓர் அக்கா இருக்கிறார். வயல் வேலையிற் கைதேர்ந்தவர். நாற்பது வயதைக் கடந்த காலத்தில் அவரது மார்பில் ஒரு கட்டி தோன்றிற்று. நோவில்லாதபடியால், அறுவடை முடியட்டும் என்று இருந்துவிட்டார். எலுமிச்சங்காயளவினதாயிருந்த கட்டி மூன்று மாதத்துள் மாங்காயளவாயிற்று. வெட்கமும் பயமும் வழிமறிக்க, வீட்டாரிடங்கூட அவர் சொன்னாரில்லை. செய்தியறிந்த நாம் அவரை மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம்.

ஊசியால் எடுத்த திசுவைச் சோதித்தபின் வைத்தியர் கூறிய பெயர் எமக்குப் புதிது: பிலோட்ஸ் கட்டி. மார்பில் உண்டாகும் கட்டிகளுள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவையே இவ்வகையின. 1838ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஜெர்மன் அறிஞர் யொஹான்னஸ் முல்லர், வெட்டிப் பார்க்குமிடத்து இலைகள்போல் மடிந்து தோன்றுவதால், இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு பெயரிட்டார். இளம் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் தீங்கற்ற நார்க்கட்டியைப் போலவே இது தோன்றும். ஸ்கேன் படத்திலும், சிலவேளை ஊசிச் சோதனையிலுங்கூட வேற்றுமை புலப்படாது. விரைந்து வளர்தலே முக்கிய எச்சரிக்கை. பெரும்பாலானவை புற்றுநோயல்ல, ஆயினும் ஒரு சில, புற்றுநோயாகி, இரத்த வழியே நுரையீரலை எட்டுவதுமுண்டு.

கட்டியை மாத்திரம் எடுத்தாற் போதாது, சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரைச் சேர்த்து அகற்ற வேண்டும் என்றார் வைத்தியர். நல்லதை ஏன் வெட்டவேண்டும் என்று நாம் மனம் பொறாது கேட்டோம். அக்காதான் விடையிறுத்தார்:

"கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்கை நிண்டிடும், பிள்ளை. சுத்திவர மண்ணோடை வெட்டி எடுத்தால்தான் வயல் தப்பும்."

வைத்தியர் சிரித்துத் தலையசைத்தார்.

சத்திரசிகிச்சை நன்கு நிறைவேறிற்று. நிணநீர்க் கணுக்கள் வழியாக இக்கட்டி பரவுவது அரிதாகையால், அக்குளில் அவற்றை எடுக்க வேண்டியிருக்கவில்லை. தீங்கற்ற வகையென்றே சோதனை முடிவும் வந்தது. எனினும் அவ்விடத்திலேயே மீண்டும் தோன்றும் இயல்பு இதற்குண்டு. அதுவும் பெரும்பாலும் முதலிரண்டு ஆண்டுகளுள். ஆதலால் குறித்த நாளிற் கிளினிக்குக்குப் போவதை அக்கா தவறவிடுவதில்லை. சோதனை முடிவுத் தாளைக் காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்திற் பூட்டி வைத்திருக்கிறார்.

முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்களைச் சோதிப்பதற்கென 1996ஆம் ஆண்டுமுதல் இலங்கையில் 'சுவநாரி' கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். சகோதரிகளே, நோவில்லாத கட்டிக்குத் தவணை கொடாதீர்கள். வயல் அடுத்த போகமும் விளையும்.