கிரீன்லாந்தின் மதகு

டைட்டானிக்கை மூழ்கடித்த பனிப்பாறை எங்கிருந்து வந்தது தெரியுமோ? கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் யாக்கோப்ஷாவ்ன் பனியாற்றிலிருந்துதான் வந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கதை கிடக்கட்டும். அந்தப் பனியாற்றின் முனையில், கடல்மேல் மிதந்தபடி சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு ஒரு பனி நாக்கு நீண்டிருந்தது. 1990-களின் கடைசியில் வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் புகுந்து அரிக்க ஆரம்பித்தது. 2003-க்குள் நாக்கு சுக்குநூறாகிப் போனது.

"மிதக்கிற ஐஸ் உடைஞ்சா கடல் ஏறுமாப்பா?" என்றாள் மகள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸ் போட்டுக் காட்டினேன். கரைந்த பிறகும் மட்டம் அப்படியேதான் இருந்தது.

"அப்புறம் என்ன பிரச்னை?"

நியாயமான கேள்வி. நம்ம ஊர் ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை என்னவோ சின்னதுதான். அதை எடுத்துவிட்டால் பின்னால் நிற்கிற தண்ணீர் சும்மா நிற்குமா? மிதந்த நாக்கும் அப்படித்தான், தரைமேல் கிடந்த பனிக்கு முட்டுக்கொடுத்து நின்றது. 1997-ல் வருஷத்துக்கு 5.7 கி.மீ. நகர்ந்துகொண்டிருந்த பனியாறு, 2003-ல் 12.6 கி.மீ. வேகத்தில் ஓடியது. தரையில் இருந்த பனி கடலுக்குள் வந்தால் மட்டம் ஏறத்தானே செய்யும்! (2016-க்குப் பிறகு குளிர்ந்த நீர் வந்து சில வருஷம் வேகம் தணிந்தது. அது நிலைக்கவில்லை.)

எனக்கு இதில் என்ன அக்கறை என்கிறீர்களா? 2011-ல் திறந்த கன்டெய்னர் முனையத்தை நம்பிக் கொச்சி வல்லார்பாடம் தீவுக்குப் பிழைக்க வந்தவன் நான். சுற்றிலும் காயல். விருச்சிக மாசம், அதாவது நம்ம கார்த்திகை, வேலியேற்றம் வந்தால் தாழ்வான வீடுகளின் முற்றத்துக்கே உப்புத்தண்ணீர் வந்துவிடும். எல்லாப் பழியையும் கிரீன்லாந்து மேல் போட முடியாது. காயல் தூர்ந்ததும், தோடுகள் அடைத்ததும் காரணம்தான். (இங்கே வாய்க்காலுக்குத் தோடு என்று பெயர். "தோடு அடைச்சிருச்சு" என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னபோது என் மனைவி தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.)

ஆனால் ஒரு விஷயம் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அத்தனை பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பால் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறதாம். பனி குறையக் குறைய அந்தப் பிடி தளரும். அப்போது கிரீன்லாந்துக் கரையை ஒட்டிக் கடல் இறங்கும். உருகிய நீரெல்லாம் நம்மைப் போல் தூரத்தில் இருக்கும் கரைகளில்தான் ஏறும்.

சேச்சி இந்த வருஷம் சமையலறைத் தரையை இரண்டு செங்கல் உயர்த்தியிருக்கிறார்.