ஒட்டுகிற இடம்தான் முக்கியம்

ஆன்டிபாடி ஊசி பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

ஆன்டிபாடின்னா கிருமியை அழிக்கிற புரதம்னுதான் பள்ளியில் படிச்சிருப்போம். நம்ம செல்லின் மேல்பரப்பிலேயே ஒட்டி, அந்தச் செல்லைச் சாக வைக்கிற ஆன்டிபாடிகளும் உண்டு.

1989-ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தனித்தனியா ரெண்டு குழுக்கள் இப்படி ஒன்றைக் கண்டுபிடிச்சாங்க. அது ஒட்டின இடத்துக்குப் பேர் ஃபாஸ். செல்லின் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு ரிசெப்டர். ஆன்டிபாடி பல ஃபாஸ்களை இழுத்து ஒண்ணு சேர்த்தா, உள்ளே காஸ்பேஸ்-8 என்ற நொதி விழிச்சுக்கும். அது அடுத்த நொதியை எழுப்பும். செல் தன்னைத்தானே துண்டு துண்டா வெட்டிக்கும். ஆன்டிபாடி பண்ணினது வெளியே பட்டனை அழுத்தினது மட்டும்தான்.

ஜெர்மன் குழு, எலிக்குள் வளர்த்த மனிதப் புற்றுக்கட்டியில் இதைப் போட்டாங்க. கட்டி கரைஞ்சது. எலிக்கு ஒண்ணும் ஆகலை. அருமையான மருந்துன்னு தோணும் இல்ல?

அந்த ஆன்டிபாடி மனித ஃபாஸில் மட்டும்தான் ஒட்டும். 1993-ல் எலியின் ஃபாஸிலேயே ஒட்டுகிற ஆன்டிபாடியை எலிக்குப் போட்டாங்க. சில மணி நேரத்தில் கல்லீரல் செயலிழந்து செத்துப்போச்சு. ஏன்னா கல்லீரல் செல்லிலும் அதே பட்டன் இருக்கு.

எந்த ஆன்டிபாடி மருந்தைப் பத்திப் படிச்சாலும் நான் முதலில் தேடுறது இதைத்தான்: இந்தப் பட்டன் வேற எங்கெல்லாம் இருக்கு?

லிம்ஃபோமாவுக்குத் தருகிற ரிட்டுக்ஸிமாப் (அமெரிக்காவில் 1997-ல் அனுமதி) ஒட்டுறது சிடி20-ல். அது பெரும்பாலும் பி செல்களில்தான் இருக்கு. இது பெரும்பாலும் எதிர்ப்பு சக்தியின் மற்ற ஆட்களைக் கூப்பிட்டுத்தான் கொல்லும், நேரடியாவும் கொஞ்சம். "நல்ல செல்லும் சாகுமா டாக்டர்?" சாகும்மா. ஆனா எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லில் சிடி20 கிடையாது. அதனால பி செல்கள் சில மாதங்களில் திரும்ப முளைக்கும்.

அந்த இடைவெளிதான் ஆபத்து. எப்பவோ வந்து கல்லீரலில் தூங்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் எழுந்துக்கும். உயிரே போகலாம். அதனால முதல் டோஸுக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

"எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே"ன்னு ஒரு அம்மா பணச்செலவை நினைச்சுத் தயங்கினாங்க. தெரியாமலே வந்து போயிருக்கலாம்னு சொல்லி அனுப்பினேன். கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். மாத்திரையை முதலில் ஆரம்பிச்சிட்டு, அப்புறம்தான் ஊசி. ஊசி முடிஞ்சும் குறைஞ்சது ஒரு வருஷம் அந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது.