ஸெத்தில் ஒரு பகல்

கப்பல் ஸெத் துறைமுகத்தில் நின்ற நாளில் பெரும்பாலோர் பஸ் ஏறி மோன்பெல்லியே பார்க்கப் போய்விட்டார்கள். கால்வாயோர மீன்படகுகளைக் கடந்து, நான் மலைச்சரிவிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

பால் வலேரி பிறந்த ஊர் இது (1871). இந்தச் சரிவைப் பற்றி அவர் எழுதிய 'கடலோரக் கல்லறை' 1920இல் வெளிவந்தபோது இந்த இடத்துக்கு அப்பெயர் கிடையாது; புனித ஷார்லின் பெயரில் இருந்தது. 1945இல் வலேரியை இங்கே, தாய்வழிக் கிராஸி குடும்பத்துக் கல்லறையில், புதைத்த பிறகு கவிதைத் தலைப்பையே இடத்துக்குச் சூட்டிவிட்டார்கள். (நகரசபை எழுதக்கூடிய விமர்சனம் இவ்வளவுதான் போலும்.)

தூய கவிதை என்றதும் நம் விமர்சகர்கள் வலேரியை இழுப்பார்கள்: மண்ணைத் தொடாத மூளை, வெறும் அருவம். இங்கே நண்பகலில் நின்றால் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகவில்லை. சரிவிலிருந்து பார்க்கையில் கடல் கீழே கிடப்பதில்லை. பைன் மரங்களுக்கும் கற்களுக்கும் இடையே கூரைபோல் ஏறி நிற்கிறது. கவிதையில் கடல் கூரையாகவும் பாய்கள் புறாக்களாகவும் வருவதற்குக் குறியீட்டு மரபைத் துழாவ வேண்டியதில்லை. கண் போதும். ஆனால் இந்தக் கண் இங்குள்ள மீனவன் ஒவ்வொருவனுக்கும் உண்டு. 24 பத்திகளிலும் பத்து அசை வரியைக் குலையாமல் பிடித்து, அசைவற்ற உச்சிவெயிலிலிருந்து கடைசியில் எழும் காற்றுக்கு வந்துசேர்வது வேறு உழைப்பு. தூய்மை என்ற சொல்லை அந்த உழைப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று படுகிறது.

இதே ஊர்க்காரரான பாடகர் ஜார்ஜ் பிராஸான்ஸ் 1966இல் ஒரு பாட்டில், தன்னைக் கடற்கரை மணலில் புதைக்கும்படி கேட்டார். வலேரியைவிடக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்ற குறும்பு. 1981இல் அவரைப் புதைத்ததோ உப்பேரிப் பக்கம், ஏழைகளுடையது எனப்படும் கல்லறைத் தோட்டத்தில். கப்பல் ஆறு மணிக்குத்தான். அங்கேயும் நடந்துபோனேன்.