படம் மாறவில்லை, எழுத்துதான் மாறியது

போன மாதம் லீவுக்கு வந்திருந்த பேத்தி தன் லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். "தாத்தா, இது என்ன செய்யும், சொல்லுங்க பார்ப்போம்." சி மொழியில் நாலைந்து வரி. ஏ, பி, சி என்று மூன்று பெயர்கள். நடுவே அர்த்தமே இல்லாத எழுத்துகள் நீளமாக. ஒரு பட்டனைத் தட்டினாள். வெறும் ஆச்சரியக்குறிகளாலேயே இந்திய வரைபடம் வந்து நின்றது!

கணினிக்காரர்களிடையே பல காலமாகச் சுற்றிவரும் வேடிக்கை நிரலாம் அது. "இதை மனுஷன் படிக்கிற மாதிரி மாத்தணும், அதுதான் பயிற்சி" என்றாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு 'புரூயோன்' என்று ஒரு நோட்டு உண்டு. அதில் எப்படி வேண்டுமானாலும் கிறுக்கலாம்; வாத்தியாரிடம் போவது சுத்தப் பிரதிதான். இந்த நிரலை யாரோ வேண்டுமென்றே புரூயோனிலேயே விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

எழுத்துகளுக்குரிய எண் அட்டவணையை அவள் எடுத்துத் தர, காகிதத்தில் கணக்குப் போட்டேன். எழுத்தின் எண்ணில் 64ஐக் கழித்தால், எத்தனை தடவை அச்சிட வேண்டும் என்று தெரிகிறது. ஒரு எழுத்துக்கு வெற்றிடம், அடுத்ததற்கு ஆச்சரியக்குறி, மாறி மாறி. ஓரிடத்தில் பெரிய ஆர், பெரிய ஓ, சின்ன ஓ. அதாவது 18, 15, 47. கூட்டினால் 80, சரியாக ஒரு வரி. ஆரம்பத்திலுள்ள 31 எழுத்துகள் வெறும் கண்கட்டு. நிரல் அவற்றைத் தொடுவதே இல்லை. வரி முடிவைப் பாருங்கள்: 10இல் தொடங்கும் எண்ணிக்கை 90 ஆனதும் 9ஆல் வகுக்கிறார்கள். கிடைக்கும் 10தான் 'புது வரி'க்கான எண்!

ஏ-க்கு 'எத்தனை', பி-க்கு 'எந்த எழுத்து', சி-க்கு 'வரியில் எந்த இடம்' என்று பெயர் வைத்தோம். 64க்கும் 90க்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றை மாற்றியதும் ஓடவிட்டு, பழைய படத்தோடு ஒப்பு பார்த்தோம். அலுவலகத்தில் டைப் அடித்த பிரதியை மூலத்தோடு ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்போமே, அதே வேலை.

அப்போதுதான் ஒரு பழைய நினைவு வந்து உறுத்தியது. பென்ஷன் பதிவேடு என் கையில் இருந்த காலம். லைஃப் சர்டிபிகேட் தாமதமாக வந்து ஏற்றுக்கொண்ட பெயர்களுக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவேன். மாற்றலாகிப் போனபோது அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பின் வந்தவர் 'நிறுத்து' என்று புரிந்துகொண்டார். ஒரு விதவை அம்மாளுக்கு மூன்று மாதம் பணம் வரவில்லை. விசாரித்துக்கொண்டு அவர் என் வீட்டு வாசலுக்கே வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பின்னால் வந்தவர் மேல் தப்பில்லை. அந்தக் குறியின் அர்த்தம் என் தலைக்குள் மட்டும்தானே இருந்தது!

நாலைந்து வரி முப்பதுக்கு மேல் போய்விட்டது. படம் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"ரொம்ப நீளமாயிடுச்சே தாத்தா" என்றாள்.

"இருக்கட்டும்மா. அடுத்து இந்த நாற்காலியில உட்காருறவங்க படிக்கணுமில்ல" என்றேன்.