பட்டப்பகலில் ஒரு விளக்கு

எங்கள் இல்லத்து மரப்பெட்டியில், நெல் வரவு செலவு எழுதிய பழைய கணக்கேடு ஒன்றின் நடுவே, அஞ்சலட்டை அளவில் ஒரு புகைப்படம் இருக்கிறது. பாகூர் ஏரிக்கரையில் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னே நீர்ப்பரப்பு பளபளக்கிறது. வானம் மேகங்களோடு தெளிவாய் விளங்குகிறது. தொலைவிலுள்ள பனைகள் ஓலை ஓலையாகத் தெரிகின்றன. நிற்பவர் மட்டும் தெரியவில்லை. தலை முதல் கால் வரை, கரித்துண்டால் தீட்டியது போன்ற ஒரு கருவடிவமே காணப்படுகிறது. அக்கருவடிவம் என் அத்தா. படமெடுத்தவன் நான்.

அத்தா பாகூர்ப் பகுதியில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர். படமெடுத்துக்கொள்வதில் அவருக்கு விருப்பமில்லை. உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் நன்கறிவர். கடவுச்சீட்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் வேண்டிய மார்பளவுப் படங்களோடு அத்தா நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டுச் சுவரில் எவர் படமும் தொங்கியதில்லை. ஆயினும் 1999ஆம் ஆண்டுத் தை மாதத்தில், விளைச்சல் மனநிறைவு தந்த ஒரு காலைப்பொழுதில், இளங்கலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்த மகன் காமிராவும் கையுமாய் நிற்பதைக் கண்டு, “சரி, ஒன்று எடு தம்பி. முழு ஆளாக எடு. நிலமும் ஏரியும் தெரியட்டும்” என்றார்.

அவர் ஏரியைப் பின்னே விட்டு நின்றார். காலை வெயிலும் அவர் முதுகுப்புறம் இருந்தது. காமிரா என் தாய்மாமாவுடையது. அவர் வில்லியனூரில் சிறியதொரு புகைப்பட நிலையம் நடத்திவந்தார். காமிராவோடு ஒரு பிளாஷ் விளக்கையும் பையில் வைத்துக் கொடுத்திருந்தார். பட்டப்பகலில் விளக்கேற்றுவார் உண்டோ என்றெண்ணி, அதை நான் வெளியே எடுக்கவேயில்லை.

படம் வந்தபோது நான் நாணிக் குன்றினேன். அத்தா அதை நெடுநேரம் பார்த்தார். “பரவாயில்லை தம்பி, நான் நின்ற இடம் தெரிகிறதே” என்று மட்டும் சொல்லிக் கணக்கேட்டினுள் வைத்தார். 2001ஆம் ஆண்டில் அவர் மௌத்தானார். முழு உருவமாக அவரை எடுத்த வேறு படம் எங்களிடம் இல்லை.

என் பிழை எது என்பதை மாமா பிறகு விளக்கினார். நம் கண் பெருந்தன்மை உடையது. வெயிலில் மின்னும் நீரையும் நிழலில் இருக்கும் முகத்தையும் மாறி மாறிச் சரிசெய்துகொண்டு இரண்டையும் நமக்குக் காட்டிவிடுகிறது. படச்சுருளுக்கு அப்பெருந்தன்மை இல்லை. காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, வானத்தையும் ஏரியையும் கண்டு, ‘இங்கே ஒளி மிகுதி’ என்று முடிவு கட்டியது. அதற்கேற்ப நான் ஒளியைக் குறைத்தேன். வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற மனிதர் இருளில் மூழ்கிப்போனார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்தவரை எடுக்கும்போதும் ஒளிமானி இவ்வாறே ஏமாறும்.

அப்படியாயின் மனிதரை வெயிலுக்கு எதிர்முகமாக நிறுத்தலாமே எனலாம். நிறுத்தினால் கண் கூசும், புருவம் நெரியும். உச்சி வெயிலிலோ நிலைமை இன்னும் கடுமையானது. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகற் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறான். அப்போது நட்ட கோலுக்கும் நிழல் விழாது. ஆனால் தரையில் விழாத அந்நிழல் மனித முகத்தில் விழுகிறது. புருவத்தின் கீழ்க் கண்கள் இரு குழிகளாகின்றன. மூக்கின் நிழல் உதட்டின்மேல் படிகிறது. வயல்வெளியில் உழைப்பவர்களின் படங்கள் பலவும் கடுகடுப்பாய்த் தோன்றுவதற்கு அவர்தம் உள்ளம் காரணமன்று. ஒளி வந்த திசையே காரணம்.

இந்நிழலைத் தளர்த்தவே பகலில் விளக்கு வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு கணக்கு உண்டு. தமிழாசிரியன் கணக்குச் சொல்வதைப் பொறுத்தருள்க. ஐ.எஸ்.ஓ. 100 வேகமுள்ள படச்சுருளுக்கு, முழு வெயிலில், எஃப் 16 துளையும் 1/125 நொடி ஷட்டரும் பொருந்தும் என்பது புகைப்படக்காரர் அனைவரும் அறிந்த வாய்பாடு. ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் வெயில் குறையும், விளக்கொளி குறையாது. ஏனெனில் பிளாஷ் ஒளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோதான் நிலைக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் சிறு பொழுதிலேயே அது வந்து போய்விடும். துளையைச் சிறிதாக்கினாலோ வெயில், விளக்கு இரண்டும் குறையும். அவ்வாறெனில் ஷட்டரை மட்டும் மேன்மேலும் விரைவாக்கலாமே என்று கேட்டேன். ஆகாது என்றார் மாமா. அவருடைய காமிராவில் 1/125 நொடியைத் தாண்டினால் ஷட்டரின் திரைகள் முழுவதும் விலகாமல் ஓர் இடுக்காக நகரும். விளக்கொளி படத்தின் ஒரு பட்டையில் மட்டுமே விழும்.

முழு உருவப் படத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. மாமாவின் விளக்கிற்கு வழிகாட்டு எண் 28. அவ்வெண்ணை மீட்டர் கணக்கிலான தொலைவால் வகுத்தால் துளை எண் கிடைக்கும். மார்பளவுப் படமென்றால் 1.4 மீட்டர் தொலைவில் நிற்கலாம். 28ஐ 1.4ஆல் வகுக்க 20 வருகிறது. வெயில் கேட்கும் 16ஐ விட விளக்கு வலிது. தலை முதல் கால் வரை ஓர் ஆளை அடக்க வேண்டுமாயின், 50 மில்லிமீட்டர் வில்லையோடு ஏறத்தாழ 2.8 மீட்டர் பின்வாங்க வேண்டும். தொலைவு இருமடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும் என்பது இயற்பியல் விதி. 28ஐ 2.8ஆல் வகுத்தால் 10. அதாவது, வெயிலொளியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே விளக்கொளி. மார்பளவுப் படத்திற்கு வெள்ளைத் துணியை மடியருகே பிடித்து வெயிலை முகத்தில் திருப்பி விடலாம். முழு உருவத்திலோ அத்துணியும் படத்திற்குள் வந்துவிடும்.

“ஐந்தில் இரண்டுதானா?” என்று சோர்ந்தேன். மாமா சிரித்தார். “அதுதான் மருமகனே அளவு. விளக்கு வெயிலை வெல்லப் புறப்பட்டால் ஆள் மெழுகுப் பொம்மையாகிவிடுவான். பின்னால் இருக்கும் வயல் அந்தியிருட்டாகிவிடும். விளக்கு எரிந்ததே படம் பார்ப்பவனுக்குத் தெரியக்கூடாது” என்றார். வெயில் தலைவனாக இருக்க, விளக்கு அதனினும் ஒரு படியோ ஒன்றரைப் படியோ தாழ்ந்து நின்று நிழலை மட்டும் தளர்த்த வேண்டும். படம் நெடுவாக்கில் எடுக்கப்படுவதால் விளக்கையும் நெடுவாக்கில் திருப்ப வேண்டும். இல்லையேல் தலையும் காலும் மங்கும். மாலை மஞ்சள் வெயிலில் எடுக்கும்போது விளக்கின்மேல் மஞ்சள் நிறக் கண்ணாடித்தாள் ஒன்றை ஒட்டிக்கொள்வார். விளக்கொளி நண்பகலின் வெண்மை உடையதாதலால், தாள் இல்லையேல் அந்தி மஞ்சளின் நடுவே முகம் மட்டும் நீலம் பாய்ந்து வெளிறும்.

ஒளியைப் பற்றிய இச்சிந்தனை நமக்குப் புதியதன்று. ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் பெருநூலில், ஒளி பொருள்களிலிருந்து கண்ணை வந்தடைவதாலேயே காட்சி பிறக்கிறது என்று நிறுவினார். கிரகணத்தின் வடிவம் பற்றிய தம் மற்றொரு நூலில், சிறு துளை வழியே புகும் ஒளி, குறைந்த கதிரவனின் பிறை வடிவைக் காட்டுவதையும் ஆராய்ந்தார். கிரகண நாளில் வேப்பமர நிழலில் நின்று பார்த்தால், இலை இடுக்குகளின் வழியே தரையெங்கும் அப்பிறைகளை நாமும் காணலாம்.

விளக்கே கூடாது என்பாரும் உளர். 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படமெடுத்த பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், பிளாஷ் ஒளியை நாகரிகமற்றதெனக் கருதி ஒதுக்கியவர். இயல்பான ஒளியை மதிக்கும் அவர் கருத்தில் உண்மையுண்டு. இருண்ட அறையில் ஒருவர் முகத்தில் திடுமென ஒளி பாய்ச்சுவது பண்பாகாது. எனினும் உச்சிவெயில் ஒருவர் கண்களைக் குழியாக்கி நிற்கும்போது, அக்கண்களை மீட்டுக் கொடுக்கும் சிற்றொளியும் ஒருவகைப் பண்பே என்பது என் துணிபு.

பழைய புகைப்பட நிலையங்களில் தீட்டிய திரைச்சீலையின் முன் முழு உருவமாக நிற்கும் குடும்பங்களைக் காண்கிறோம். அத்தகைய படங்கள் அழியாதிருக்க, பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு தமிழகமெங்கும் திரட்டி எண்ணிம வடிவில் காத்துவருகிறது, 1955இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். போற்றத்தக்க பணி. ஆனால் அத்திரைகளில் இருப்பவை மாளிகைத் தூண்களும் பூந்தோட்டங்களும். அத்தா கேட்டதோ தம் சொந்த நிலம். அதை நிலையத்திற்குள் கொண்டுவர இயலாது. காமிராவே வயலுக்குப் போக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி பட்டம் பெற்றாள். அவள் குடும்பத்தில் அவளே முதற்பட்டதாரி. பட்டமளிப்பு அங்கியோடு தன் தாயின் அருகில் நிற்கும் படமொன்று வேண்டுமென்றாள். தாய் நடவு வேலையில் இருந்தார். உணவு இடைவேளை மட்டுமே கிடைத்தது. ஏப்ரல் இறுதி, நண்பகல். நான் அஞ்சிய நேரம் அதுவே.

தாய் வரப்பில் ஏறி நின்று, “காலெல்லாம் சேறு சார், இடுப்பு வரைக்கும் எடுங்க போதும்” என்றார். மாணவி என்னருகே வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, அம்மா முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமா?” என்று கேட்டாள். முடியும். இரண்டடி முன்னே சென்று, விளக்கின் வலுவைக் கூட்டினால் போதும். அப்பெண்ணின் கேள்வியில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. தாயை நல்லபடி பார்க்க வேண்டும் என்னும் ஆசையே அவ்வாறு பேசியது.

முதலில் விளக்கின்றி ஒன்று எடுத்தேன். கண்கள் இருண்டன. பிறகு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பின்வாங்கி, விளக்கை நெடுவாக்கில் திருப்பி, வெயிலுக்கு ஒரு படி தாழ வைத்து மற்றொன்று எடுத்தேன். அம்முகம் தன் மாநிறம் மாறாமல் விளங்கிற்று. இரு கண்களிலும் கடுகளவு ஒளிப்புள்ளி நின்றது. கரண்டைக்காலில் காய்ந்த சேறும், பின்னால் பாதி நட்ட வயலும் தெளிவாய்த் தெரிந்தன. காமிராவின் சிறு திரையில் அதைப் பார்த்த தாய் முதலில் தம் முகத்தைப் பார்க்கவில்லை. “காலு கூட நல்லாத்தான் இருக்கு” என்றார். மாணவி படத்தையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளுப்பைப் பற்றி அவள் மீண்டும் பேசவில்லை.

இன்று உங்கள் அனைவர் கையிலும் கைப்பேசி உள்ளது. அது வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தானே தளர்த்துகிறது. அதன் சிறு விளக்கு நண்பகல் வெயிலில் முழு உருவத்திற்குப் பயன்படாது. ஆதலால் ஆளை மரநிழலின் விளிம்பிற்கு அழைத்து வாருங்கள், அல்லது காலை எட்டு மணிக்கு எடுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் பொத்தானும் அதில் உண்டு. அதைத் தொடுமுன், படத்தில் இருப்பவர் யாருடைய தாய், யாருடைய தந்தை என்று ஒருகணம் எண்ணுங்கள், மாணவச் செல்வங்களே!

அத்தாவின் படத்தை அண்மையில் கணினியில் ஏற்றி, இருளை நீக்க முயன்றேன். அதன் நெகட்டிவையும் தேடியெடுத்துப் பார்த்தேன். ஒளி படாத இடத்தில் எதுவும் பதிவதில்லை. எனவே மீட்பதற்கும் அங்கே எதுவும் இல்லை. பையில் இருந்த விளக்கை அன்று எடுத்திருந்தால், அந்த ஐந்தில் இரண்டு பங்கு ஒளியே போதுமானதாய் இருந்திருக்கும்.

ஆண்டுதோறும் தைமாதத்தில் ஏரிக்கரைக்குச் செல்கிறேன். அத்தா நின்ற இடம் தெரிகிறது. அவ்விடத்தில் இன்று யார் நின்றாலும் அவர் முகம் தெரிய எடுத்துக் கொடுக்கிறேன், பணம் வாங்குவதில்லை.