அப்பா கேட்ட ஒரே கேள்வி... தலைப்பையே மாற்றிவிட்டேன்!

எங்கள் வீடு மதுரை கோச்சடையில். அப்பா இருபது வருஷத்துக்கும் மேலாக நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் நகக்கண்ணைப் பார்த்தே, அன்றைக்குப் பட்டறையில் என்ன கலர் ஓடியது என்று சின்ன வயசில் சொல்லிவிடுவேன். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. கை அரிப்பு மட்டும் இன்னும் அவரை விடவில்லை.

அதனால்தான், 'சாயம் சேர்க்காமலே நிறம்' என்ற அறிவியல் விஷயத்தை எழுதச் சொல்லி டெஸ்க்கில் என்னிடம் கொடுத்தபோது, மற்ற செய்திகளைவிட ஆசையாக உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். பருத்தியிலும் மரத்திலும் இருக்கும் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். அதைக் கந்தக அமிலத்தில் பக்குவமாகப் போட்டு எடுத்தால், ஒழுங்கில்லாத பகுதிகள் கரைந்துவிடும். குட்டிக் குட்டிக் குச்சிகள் மிஞ்சும். இவைதான் செல்லுலோஸ் நானோ படிகங்கள். ஒரு குச்சியின் நீளம் சுமார் 100 முதல் 200 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்!

இந்தக் குச்சிகள் கலந்த தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிட வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற, குச்சிகள் நெருங்கி அடுக்கடுக்காக வரிசை கட்டும். ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கும், சுழல் படிக்கட்டு மாதிரி. ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. உயரம் குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் கிரே குழுவினர் 1992-ல் இந்தச் சுழல் வரிசையைப் பற்றி எழுதினார்கள்.

மயில் தோகையும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதில் நீலச் சாயம் கிடையாது, நுண்ணிய அடுக்குகள் காட்டும் ஜாலம்தான். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், பறவை இறகு, சிப்பி ஆகியவற்றின் நிறங்களை 1930-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்.

காய்ந்த சொட்டு முழுக்க ஒரே நிறமாக இருக்காது, வளையம் வளையமாக மின்னும். மேஜையில் சிந்திய காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுப்பாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். ஓரம் சீக்கிரம் காய்வதால், உள்ளே இருக்கும் தண்ணீர் துகள்களையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. இங்கேயும் அப்படித்தான் குச்சிகள் ஓரத்தில் குவிகின்றன. அதனால் இடத்துக்கு இடம் நிறம் மாறுகிறது.

எழுதி முடித்து, 'இனி சாயமே தேவையில்லை!' என்று தலைப்பு வைத்தேன். வெளியிடும் முன் வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"பாப்பா, இதைத் தண்ணியில அலசுனா கலர் நிக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மறுபடி உட்கார்ந்து தேடினேன். இந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும். படிக்கட்டின் உயரம் கூடும், நிறம் சிவப்புப் பக்கம் நகரும். பக்குவப்படுத்தாத படலம் தண்ணீரில் பிரிந்து, மறுபடி வெறும் குச்சிகளாகிவிடும். காய்ந்திருக்கும்போதும் எளிதில் நொறுங்கும். இதற்கெல்லாம் வழி தேடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2021-ல், நீளமான படலமாக உலர்த்தி, சூடேற்றி, அரைத்து, மினுமினுக்கும் பொடியாக்கிக் காட்டியது. ஆனால், சேலைக்குச் சாயம் போடும் கதைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். கையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "கை அரிக்காம ஒரு கலர் வந்தா நல்லதுதானே பாப்பா. வரட்டும். ஆனா அலசிப் பாக்காம கலர் நிக்கும்னு சொல்லக் கூடாது. பட்டறையில அப்படிச் சொன்னா அன்னைக்கே வேலை போயிரும்."

தலைப்பை மாற்றினேன்: 'சாயம் இல்லாமல் நிறம்... தண்ணீரில் நிற்குமா?' முதல் தலைப்பு அளவுக்கு இது கிளிக் வாங்காது என்று தெரியும். வாங்கவும் இல்லை.

ஆனால், அந்த லிங்க்கைத் தன் பழைய பட்டறை நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அப்பாவே போட்டிருந்தார். கீழே ஒரே ஒரு வரி: 'எம் பொண்ணு எழுதுனது. விசாரிச்சு எழுதிருக்கா.'